ஏழும் ஏறியாச்சு

— அப்போ இந்தப் போல்ட்டை எந்தப் பேர்ல வைக்கறது மாமா? பழைய சிஸ்டத்துல ஒரே போல்ட் மூணு பேர்ல உட்கார்ந்திருக்கு. 'போல்ட்', 'போல்ட்டு', 'பெரிய போல்ட்'.

— மூணாவதும் அதே போல்ட்தான் பாப்பா. அதை ஏத்தினவன் ஆள் குட்டை. அவன் கண்ணுக்கு எல்லாமே பெருசாத்தான் தெரியும்.

— சிரிக்க நேரமில்ல. அஞ்சு மணிக்குப் பழைய சிஸ்டத்தை அணைக்கறாங்க. நாளைக்குக் காலையிலேர்ந்து ஃபேக்டரி மொத்தமும் புதுசுலதான் ஓடணும். அதுக்குள்ள மெயின்டனன்ஸ் பதிவெல்லாம் சரியா இருக்குன்னு சூப்பர்வைசர் கையெழுத்து வேணும். உங்க கையெழுத்து.

— போட்டுடலாம், போட்டுடலாம். இருபது வருஷமா அந்தக் கழுதையை உதைச்சு உதைச்சு ஓட்டியிருக்கேன். ஒரு ஸ்க்ரூ இருக்கான்னு கேட்டா, டீ குடிச்சிட்டு வந்து பாருன்னு சொல்லும். போகட்டும் சனியன். கதவைச் சாத்தேன், பெயிண்ட் மிக்ஸர் சத்தத்துல ஒண்ணும் காதுல விழல.

— சாத்திட்டுத்தான் உட்கார்ந்தேன். உங்க கேபின் கண்ணாடியில கை நுழையற அளவுக்கு ஓட்டை இருக்கு, அது வழியா வருது.

— அதுக்கு எழுதிக் கொடுத்து நாலு வருஷமாச்சு. பழசுல எழுதினேன், அது எங்க போய்ப் படுத்துக்கிச்சோ. சரி, உன்னைப் பாத்தா எனக்குப் பெருமையா இருக்கு பாப்பா. என்னத்தைச் சொல்ல. நாலு வருஷம் முன்னாடி மவுஸைப் பிடிக்கச் சொன்னா சப்பாத்திக் கட்டை மாதிரி உருட்டினே. இன்னைக்கு ஒரு ஃபேக்டரியையே ஒரு பொட்டியிலேர்ந்து எடுத்து இன்னொரு பொட்டியில வைக்கறே. உங்க அக்காகிட்ட தினம் சொல்றேன். ஒரு வேலைக்குச் சேர்த்துவிட்டேன், அவளே ஒரு ஆபீஸா ஆயிட்டான்னு.

— அக்கா என்ன சொல்லும்?

— என்ன சொல்லுவா? 'எல்லாம் நீங்க இருந்ததாலதான்'னு சொல்லுவா. நான் ஒண்ணும் பேசமாட்டேன்.

— இருங்க, ஃபோன் அடிக்குது. புது சிஸ்டம் கம்பெனிக்காரர். டை கட்டிக்கிட்டு வருவாரே, நம்ம டைக்காரர். ஸ்பீக்கர்ல போடறேன், நீங்களும் கேளுங்க… சொல்லுங்க சார்.

— வணக்கம் மேடம். மத்த டிபார்ட்மென்ட் எல்லாம் முடிஞ்சிடுச்சு மேடம். உங்க ஷீட் ஒண்ணுதான் பாக்கி மேடம். சிம்பிள் மேடம், ஒரே ஒரு கையெழுத்து.

— பெர்மிட் பதிவுகள் இன்னும் இருக்கு சார். அதைப் பாத்துட்டு அனுப்பறேன்.

— பெர்மிட்டா? அதுல அந்தக் குறிப்புக் கட்டத்தை மட்டும் விட்டுடலாம் மேடம். புதுசுல அதுக்கு இடம் இல்ல. பழைய குறிப்பை யாரு மேடம் படிக்கப் போறாங்க?

— நான் படிச்சேன் சார்.

— எல்லாத்தையுமா மேடம்?

— எல்லாத்தையும்தான். அரை மணி நேரத்துல கூப்பிடறேன், வெச்சுடட்டுமா?

— ஓகே மேடம், சிம்பிள் மேடம்.

— அவனுக்கு எல்லாமே சிம்பிள்தான். கழுத்துல சுருக்கு மாட்டிக்கிட்டு எப்படித்தான் மூச்சு விடறானோ. ஏன் பாப்பா, இருபது வருஷத்துக் குப்பையை நீ எதுக்கு உட்கார்ந்து படிச்சே? கண்ணு என்னத்துக்கு ஆகும்?

— அதுல பாதி அவரு எழுதினது மாமா.

— யாரு, சகலையா?

— பதினோரு வருஷம் ஃபிட்டரா இருந்திருக்காரே. ரெண்டாயிரத்து அறுநூத்துப் பதினாலு பெர்மிட் அவரு பேர்ல முடிஞ்சிருக்கு. ஒண்ணு விடாம படிச்சேன். வீட்டுல அவரு கையெழுத்துல ஒரு கடுதாசி கூட இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடியும் எழுதினதில்ல, அப்புறமும் எழுதினதில்ல. இங்க வந்து பாத்தா ரெண்டாயிரத்துச் சொச்சம்.

— அழாதே.

— அழல. அழறதுக்கு வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பெர்மிட் எப்படிப் போடறதுன்னு நான் சொல்றேன், தப்பா இருந்தா திருத்துங்க.

— என்கிட்டயே பாடம் நடத்தறியா?

— நாலு வருஷமா எனக்கு மத்தவங்க சொன்னாங்க. இன்னைக்கு நான் ஒரு தடவ சத்தமாச் சொல்லிப் பாக்கறேன். ஒருத்தர் மிக்ஸர் தொட்டிக்குள்ள இறங்கி வேலை பாக்கணும்னா, முதல்ல சூப்பர்வைசர் கம்ப்யூட்டர்ல பெர்மிட்டைத் திறக்கணும். திறந்ததும் கன்ட்ரோல் ரூம் திரையில அந்த மெஷின் சிவப்பாத் தெரியும். சிவப்பா இருக்கற வரைக்கும் யாரும் அதை ஓட்டமாட்டாங்க. இறங்கினவர் மேல ஏறி வந்து, தன்னோட பேர்ல உள்ள போய், வேலை முடிஞ்சதுன்னு தானே முடிக்கணும். அப்பத்தான் சிவப்பு பச்சையாகும். சரியா?

— சரி.

— அன்னைக்கு அவரு பெர்மிட்டை முடிச்சாரு. பச்சையாச்சு. அப்புறம்தான் ஞாபகம் வந்துதாம், ஒரு ஸ்பேனரை உள்ளேயே விட்டுட்டு வந்தோம்னு. யார்கிட்டயும் சொல்லாம அதை எடுக்க மறுபடி இறங்கினாரு. பச்சையா இருக்கறதைப் பாத்துக் கன்ட்ரோல் ரூம்ல ஆன் பண்ணிட்டாங்க. இதுதானே ரிப்போர்ட்?

— இப்ப எதுக்கு அதெல்லாம்? ஆறின புண்ணைக் கீறிக்கிட்டு.

— ஆறினது யாருக்கு மாமா? அவரு பெர்மிட் முடிக்கறப்ப குறிப்புல என்ன எழுதுவாருன்னு உங்களுக்குத் தெரியுமா?

— அதெல்லாம் யாரு பாத்தா. கட்டத்தை நிரப்பணும்னு எதையாவது எழுதுவானுங்க. ஓகேம்பான் ஒருத்தன், சரிம்பான் இன்னொருத்தன்.

— படிக்கறேன், கேளுங்க. 'ஏழு ஸ்பேனர் இறங்கியது, ஏழும் ஏறியாச்சு. ஆளும் வெளியே.' அடுத்தது. 'நாலு ஸ்பேனர், ஒரு சுத்தியல் இறங்கியது, அஞ்சும் ஏறியாச்சு. ஆளும் வெளியே.' இது ஒரு நாள் கோவமா எழுதியிருக்காரு. 'ஒன்பது இறங்கியது, எட்டுதான் ஏறியது, மறுபடி தேடி ஒன்பதும் ஏறியாச்சு. ஆளும் வெளியே. டார்ச் மட்டும் செத்துப்போச்சு.'

— சகலை அப்படித்தான். ஒண்ணுக்குப் பத்து தடவ எண்ணுவான். நாங்கள்லாம் கேலி பண்ணுவோம்.

— சின்னக்குட்டி பிறந்த அன்னைக்கு ஒண்ணு இருக்கு. 'ஆறு ஸ்பேனர் இறங்கியது, ஆறும் ஏறியாச்சு. ஆளும் வெளியே. பெண் குழந்தை.' அதைக் கம்பெனி கம்ப்யூட்டர்ல எழுதியிருக்காரு மாமா. வேற யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல போல.

— பாப்பா…

— ரெண்டாயிரத்து அறுநூத்துப் பதிமூணுலயும் எண்ணியிருக்காரு. கடைசியில ஒண்ணே ஒண்ணுலதான் எண்ணல. அன்னைக்கு முடிச்ச பெர்மிட்ல. அதுல என்ன இருக்கு தெரியுமா? 'முடிந்தது.' ஒரே ஒரு வார்த்தை.

— அவசரமா இருந்திருப்பான். அன்னைக்கு எல்லாருக்குமே அவசரம். நீ இல்லாததையும் பொல்லாததையும் கோத்துக்கிட்டு உட்காராதே. சொல்றதைக் கேளு. அவசரத்துல ஒரு நாள் எண்ணலை, அன்னைக்குப் பாத்து ஸ்பேனர் உள்ள நின்னுடுச்சு. விதின்னு ஒண்ணு இருக்குல்ல?

— நானும் அப்படித்தான் நெனச்சேன். ரெண்டு நாள் முழுக்க அப்படியே நெனச்சு மனசைத் தேத்திக்கிட்டேன். குறிப்பை வெச்சு என்ன சொல்ல முடியும்? ஒரு மனுஷன் ஒரு நாள் வேற மாதிரி எழுதக்கூடாதா? எழுதலாம்.

— அதைத்தான் நானும் சொல்றேன்.

— அப்புறம் நேரத்தைப் பாத்தேன்.

— எந்த நேரத்தை?

— பழைய திரையில தேதி மட்டும்தான் தெரியும், இல்லையா மாமா? இத்தனை வருஷமா நாம பாத்ததெல்லாம் தேதிதான். ஆனா பதிவோட அடியில நேரமும் ஏறியிருக்கு. எத்தனை மணி, எத்தனை நிமிஷம்னு. வீட்டைக் காலி பண்றப்ப பரண் மேல இருக்கறதெல்லாம் கீழ வரும்ல, அது மாதிரி புதுசுக்கு மாத்தறப்ப எல்லாம் வெளிய வருது.

— இது எனக்குத் தெரியாதே.

— யாருக்கும் தெரியாது. கேட் நோட்டையும் எடுத்துப் பாத்தேன். அன்னைக்கு ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டினது பத்து அம்பதுக்கு. ஏத்தறப்பவே உயிர் இல்லைன்னு டாக்டர் எழுதிக் கொடுத்தாரு. அதை நீங்கதான் என் கையில கொடுத்தீங்க.

— பாப்பா, இரு. ஒரு நிமிஷம் இரு.

— அவரு பேர்ல 'முடிந்தது'ன்னு ஏறினது அதுக்கு அப்புறம்.

— மெஷின் கடிகாரம் தப்பா ஓடியிருக்கும். அது பழைய மெஷின். ஒரு தடவ நம்மை அடுத்த வருஷத்துக்கே கொண்டு போயிடுச்சு, ஸ்டோர்காரன் தலையில அடிச்சுக்கிட்டான், உனக்கு ஞாபகம் இல்லையா?

— அன்னைக்கு ஏறின மத்த பதிவெல்லாம் சரியா இருக்கு. காலையில டீ மெஷின் ரிப்பேர்னு ஒருத்தர் எழுதினது கூட சரியா இருக்கு. இது ஒண்ணு மட்டும் எப்படித் தப்பாகும்?

— எவ்வளவு… எவ்வளவு நேரம் அப்புறம்?

— அதை நீங்க சொல்லுங்க மாமா.

— நான் என்னத்தைச் சொல்ல?

— செத்துப்போன மனுஷன் ஏறி வந்து கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து தன் பேரை அடிச்சு, தன் ரகசிய எண்ணை அடிச்சு, வேலை முடிஞ்சதுன்னு எழுதிட்டுப் போகமாட்டாரு. அவரு எண் என்னன்னு தெரிஞ்சவங்க எத்தனை பேரு இருந்தாங்க?

— இரு, அந்தக் கண்ணாடி ஓட்டையை அடைச்சுட்டு வரேன்.

— சத்தம் போடாதேன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன். நான் சத்தமே போடல. சொல்லுங்க.

— அவன் எனக்கு மட்டும்தான் சொல்லியிருந்தான். ஒரு தடவ காய்ச்சல்ல படுத்திருந்தப்ப, என் பேர்ல லீவு போட்டுடு சகலைன்னு ஃபோன்ல சொன்னான். சின்னக்குட்டி பிறந்த தேதி.

— என் பொண்ணு பிறந்த தேதியை அடிச்சு உள்ள போனீங்க.

— ஆமா.

— சரி, அடுத்தது.

— என்னை இப்படிக் கேள்வி கேக்காதே பாப்பா, ஷீட்டுல டிக் அடிக்கற மாதிரி. நான் சொல்றேன், முழுசாச் சொல்றேன். அன்னைக்குக் காலையில ரெண்டாம் நம்பர் மிக்ஸர் அடைச்சுக்கிச்சு. உள்ள பெயிண்ட் இறுகி பிளேடு நின்னுபோச்சு. மேல இருந்து மூணு ஃபோன். மதியத்துக்குள்ள சரக்கு ஏறணும், ஏறலைன்னா நீயும் வராதே, உன் ஆளுங்களும் வரவேண்டாம்னு ஒருத்தர் கத்தறாரு. நான் இதே நாற்காலியில உட்கார்ந்து பெர்மிட்டைத் திறக்கறேன். வட்டம் சுத்துது. சுத்துது, சுத்துது, நிக்க மாட்டேங்குது. பத்து நிமிஷம் ஆச்சு. அணைச்சுப் போட்டேன். மறுபடி சுத்துது.

— அவரு எங்க இருந்தாரு?

— தொட்டி வாயில. ஏணியில ஒரு காலு, வெளியில ஒரு காலு. கையில பையோட நின்னுக்கிட்டு இந்தப் பக்கம் பாத்துக் கேட்டான்.

— என்ன கேட்டாரு?

— 'சகலை, பெர்மிட் திறந்தாச்சா?'ன்னு.

— கேட்டாரா?

— கேட்டான்.

— இன்னொரு தடவ சொல்லுங்க.

— கேட்டான் பாப்பா. ரெண்டு தடவ கேட்டான். முதல் தடவ நான் காதுல விழாத மாதிரி இருந்தேன். ரெண்டாவது தடவ, 'சிவப்பாயிடுச்சா?'ன்னு கேட்டான். அப்பவும் ஃபோன் அடிக்குது. நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். 'ஆச்சு, இறங்கு'ன்னு சொன்னேன். அவன் நம்பி இறங்கிட்டான். நான் சொன்னா அவன் இறங்கிடுவான், உனக்குத்தான் தெரியுமே. அவன் இறங்கற நேரத்துக்குள்ள பெர்மிட் திறந்துடும்னு நெனச்சேன். ஆழம் பாக்காம காலை விட்டேன், போனது அவன் உயிரு.

— கன்ட்ரோல் ரூம்ல…

— அவங்க மேல தப்பே இல்ல. அவங்க திரையில பச்சைதான். மெஷின் ரெடியா இருக்குன்னு பாத்துத்தான் ஆன் பண்ணினாங்க. எனக்கு அந்தச் சத்தம் கேட்டுச்சு. இந்தக் கண்ணாடி அப்பத்தான் உடைஞ்சது. நான்தான் உடைச்சேன், நாற்காலியைத் தூக்கிப் போட்டு. நிறுத்து நிறுத்துன்னு கத்தினேன். யாருக்குக் கேக்கும்?

— அப்புறம்?

— அப்புறம் அவனை எடுத்தோம். அதைக் கேக்காதே.

— அதைக் கேக்கல. கம்ப்யூட்டருக்கு எப்ப வந்தீங்க?

— வண்டி போனதுக்கு அப்புறம். கை கூடக் கழுவல. எதுக்கு வந்து உட்கார்ந்தேன்னு எனக்கே தெரியல. பாத்தா திரை திறந்து கிடக்கு. அதுவரைக்கும் சுத்தின சனியன், அப்ப மட்டும் ஜம்முனு திறந்து நிக்குது, பேரைப் போடு, தேதியைப் போடுன்னு. போட்டேன். என் பேர்ல பெர்மிட்டைத் திறந்தேன். அப்புறம் வெளிய வந்து, அவன் பேர்ல உள்ள போய் முடிச்சேன். ஒரு நிமிஷம் கூட ஆகல. ஸ்பேனர் கதையை நான் சொல்லல. விசாரணைக்கு வந்தவங்களே கேட்டாங்க, முடிச்சிட்டு ஏன் மறுபடி இறங்கினார், ஏதாவது மறந்துட்டாரா, ஸ்பேனர் ஏதாவது இருந்துதான்னு. நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா?

— வேற என்ன பண்ணியிருக்க முடியும்னு இன்னைக்கும் யோசிக்கறேன். நான் உள்ள போயிருந்தா? அவன் மண்ணுக்குள்ள, நான் ஜெயிலுக்குள்ள. ரெண்டு வீடு. உங்க அக்கா, என் பசங்க, நீ, சின்னக்குட்டி. யாரு பாத்திருப்பாங்க? நான் வெளிய இருந்ததால ரெண்டு வீட்டையும் பாத்தேன். பாக்கலையா? சொல்லு. ஒரு நாளாவது உன்னை விட்டுக்கொடுத்தேனா?

— விட்டுக்கொடுக்கல. அதுதான் மாமா வலிக்குது. சின்னக்குட்டி ஸ்கூல்ல சேர்றப்ப நீங்கதான் வந்தீங்க. அவ கால்ல முள்ளு குத்தினா நீங்கதான் எடுப்பீங்க. ஆனா அவ ஒரு சாமானை மறந்துட்டா அதை எடுக்கத் திரும்பி வரமாட்டா, அது உங்களுக்குத் தெரியுமா?

— என்ன சொல்றே?

— குடையை மறந்துட்டு வாசல் தாண்டிட்டா, நனைஞ்சுக்கிட்டே போவா. எடுக்க வரமாட்டா. பரீட்சை அன்னைக்கு அளவுகோலை மறந்துட்டுப் போனா, பஸ் ஸ்டாப் ரெண்டு எட்டுத்தான், திரும்பி வரல. ஏன்டின்னு கேட்டேன். 'மறந்ததை எடுக்கப் போனாத்தானே அப்பா செத்தார்'னு சொல்றா. பத்து வயசு. அதைச் சொல்லிக்கொடுத்தது யாரு? நான். 'உங்க அப்பா மாதிரி கவனமில்லாம இருக்காதே'ன்னு நான்தான் சொன்னேன். நாலு வருஷமா அவரு படத்து முன்னாடி நின்னு திட்டிக்கிட்டு இருக்கேன். ஒரு ஸ்பேனர் பெருசா, நாங்க பெருசான்னு. அவரு எண்ணிக்கிட்டே இருந்திருக்காரு மாமா. ரெண்டு தடவ கேட்டிருக்காரு.

— என்னை அடி. செருப்பால அடி. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.

— அக்காவுக்குத் தெரியுமா?

— தெரியாது. சகலை பேச்சை எடுத்தாலே, 'கொஞ்சம் கவனமா இருந்திருக்கக் கூடாதா அந்த மனுஷன்'னு ஆரம்பிச்சுடுவா. நான் தட்டைப் பாத்துக்கிட்டே சாப்பிடுவேன். அவகிட்ட சொல்லிடாதே பாப்பா. உன் கால்ல விழறேன். அவளுக்குத் தெரிஞ்சா என் முகத்தை ஏறிட்டுப் பாக்கமாட்டா.

— நான் சொல்லப்போறதில்ல.

— நீ நல்லா இருப்பே.

— நீங்க சொல்லப் போறீங்க. உட்காருங்க, எங்க எழுந்திருக்கறீங்க? இந்த ஷீட்டைப் பாருங்க. மேல 'பதிவுகள் அனைத்தும் சரி'ன்னு இருக்கு. கீழ ஒரு கட்டம். 'திருத்தம் இருந்தால் எழுதவும்.' பழைய பதிவுல தப்பு இருந்தா, அதுக்குப் பொறுப்பானவர் எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் திருத்த முடியும். நானா மாத்த முடியாது. டைக்காரராலயும் முடியாது.

— இதுல எழுதினா நேரா மேல போகும்.

— போகும்.

— விசாரணை மறுபடி வரும். போலீஸ் வரும்.

— வரும்.

— நான் எழுதலைன்னா?

— எழுதலைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது மாமா. நீங்க மேல கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடலாம். 'முடிந்தது'ங்கறது அப்படியே புதுசுக்குப் போயிடும், அவரு பேர்லயே.

— நீ பொய் சொல்றே. அந்த நேரம் இருக்கே. அது சும்மா விடுமா?

— நான் இந்தக் கட்டத்தைப் பத்தி மட்டும்தான் பேசறேன்.

— உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆகணும். இன்னைக்கு இல்லைன்னா நாளைக்கு எவனாவது வந்து, இது என்னய்யா செத்தவன் எழுதியிருக்கான்னு கேப்பான். அவன் கேட்டு நான் சொல்றதுக்கு, நீ கேட்டுச் சொன்னதா இருக்கட்டும். பேனாவைக் கொடு. என் எழுத்து கோழி கிளறின மாதிரி வரும், பரவாயில்லையா?

— படிக்க முடிஞ்சாப் போதும். எழுதறதைச் சொல்லிக்கிட்டே எழுதுங்க.

— 'இரண்டாம் எண் மிக்ஸர்… பெர்மிட் திறக்கப்படவில்லை. திறந்ததாக நான் சொன்னேன். இறங்குவதற்கு முன் அவர் இரண்டு முறை கேட்டார்.' இதை எழுதணும்ல?

— அதைத்தான் எழுதணும்.

— 'அவர் பெயரில் உள்ள கடைசிப் பதிவு அவர் எழுதியது அல்ல. அவர் இறந்த பிறகு நான் எழுதினேன். அவர் எந்தக் கருவியையும் மறக்கவில்லை. மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர்.' தேதி போட்டுட்டேன். கையெழுத்தும் போட்டாச்சு. இந்தா.

— அக்காகிட்ட எப்ப சொல்லுவீங்க?

— வீட்டுக்குப் போன உடனே. சட்டையைக் கழட்டறதுக்கு முன்னாடி சொல்லிடறேன், இல்லைன்னா தைரியம் வராது. நீயும் வரியா?

— வரமாட்டேன். எனக்குச் சின்னக்குட்டிகிட்ட சொல்ல வேண்டியது இருக்கு. இருங்க, இதைப் படம் எடுத்து அனுப்பிடறேன்… போயிடுச்சு.

— பாப்பா, உனக்கு என் மேல…

— அதைக் கேக்காதீங்க மாமா. ஃபோன் அடிக்குது… சொல்லுங்க சார்.

— மேடம், உங்க ஷீட் வந்துடுச்சு மேடம். ஏத்திட்டேன். ஆனா திருத்தத்துல நிறைய எழுதியிருக்காரு மேடம், இது… இது நெஜமா மேடம்?

— நெஜம்தான் சார்.

— எங்க மேனேஜருக்கும் உங்க மேனேஜருக்கும் தானாப் போயிடும் மேடம். நான் நிறுத்தணும்னாலும் முடியாது.

— நிறுத்த வேண்டாம் சார். அந்தக் குறிப்புக் கட்டத்துக்கு மட்டும் புதுசுல எப்படியாவது ஒரு இடம் பண்ணுங்க.

— பண்றேன் மேடம். அது… சிம்பிள் இல்ல. ஆனா பண்றேன் மேடம்.

— வெச்சுடறேன் சார்.

— டைக்காரன் குரலே மாறிப்போச்சு.

— ம்.

— லேசா இருக்கும்னு நெனச்சேன். இல்ல. பாப்பா, அஞ்சு மணி ஆகறதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு காட்டறியா? அந்தப் பதிவை. அதை எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷத்துக்கு அடிச்சேன்னு எனக்கு ஞாபகமே இல்ல. நாலு வருஷமா யோசிச்சுப் பாக்கறேன், வரவே இல்ல. போலீஸ் கேட்டா அதையாவது சரியாச் சொல்றேன். திரையை இப்படித் திருப்பு.

— திருப்பறேன், நல்லாப் பாருங்க. பழைய சிஸ்டத்துல நேரத்துக்குன்னு ஒரு கட்டமே கிடையாது மாமா, அடியிலயும் இல்ல, மேலயும் இல்ல. தேதி மட்டும்தான்.